இருபத்து மூன்றாம் படத்துக்குப் பேர்

முதல் வரியிலேயே தப்புக் கண்டுபிடிக்கப்போகிற என் சுமதி அக்காவுக்கு,

அடுத்த படத்துக்குப் பேர் அறிவித்துவிட்டார்கள். பள்ளிக்கூட நாளிலிருந்து தமிழ் டப்பிங்கில் நாம் விடாமல் பார்த்த அதே உளவாளிப் பட வரிசைதான். பேரை இங்கே எழுத மனசில்லை. மொக்கை. நம் நோட்டில் இதைவிட நல்ல பேர்கள் இருபத்திரண்டு இருக்கின்றன. மூன்று வருஷத்துக்கு ஒரு படம் என்றால் அறுபத்தாறு வருஷத்துக்கு அவர்கள் யோசிக்கவே வேண்டாம். நம்மை யார் கேட்டார்கள்?

இதை மற்றவர்களும் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

வாரம் இரண்டு நாள் உனக்கு டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். சிங்காநல்லூர் லேத் பட்டறையில் ஷிப்ட் மாற்றி வாங்கிக்கொண்டு உன் பக்கத்தில் வந்து உட்காருவேன். எனக்குக் காத்திருக்கத் தெரியாது. சிக்னலில் முப்பது செகண்ட் நிற்பதற்குள் இரண்டு முறை ஹாரன் அடிக்கிறவன். அந்த மெஷினில் ஓடுகிற எண்களையே முறைத்துக்கொண்டிருந்தேன்.

"டேய், அதையவே பாத்துட்டிருந்தா சீக்கிரம் சுத்துமாக்கும்? ஒரு நோட்ட எடு. அடுத்த படத்துக்குப் பேரு சொல்லு" என்றாய்.

'இரும்புக் கழுகு' என்றேன்.

"பட்டாசுப் பொட்டி மேல போடற பேருடா அது. வேற சொல்லு."

'ரத்தச் சூறாவளி.'

"அதுவும் பட்டாசுதான். வெலதான் கொஞ்சம் சாஸ்தி."

ஊசி குத்தியிருந்த கையை ஆட்டாமல் நீ சிரித்தது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. பக்கத்துக் கட்டில்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும்போது ஒரு மில் வாசலில் பைக்கை நிறுத்தச் சொன்னாய். என் தோளைத் தட்டி, கேட்டில் தொங்கிய பலகையைக் காட்டினாய். 'அந்நியர் உள்ளே வரக் கூடாது.'

"எழுதிக்கோ கண்ணு. ஒண்ணாம் படம்."

அந்த வழியாகத் தினமும் வேலைக்குப் போகிறேன். பலகையைப் பார்த்திருக்கிறேன், படித்ததில்லை. இந்த ஊரே உளவாளிப் படங்களுக்குப் பேர் எழுதிச் சுவரெல்லாம் மாட்டி வைத்திருக்கிறது என்று உனக்கு எப்படித் தோன்றியது? பஸ்ஸில் 'ஓட்டுநரிடம் பேசாதீர்'. டூவீலர் ஸ்டாண்டில் 'நிர்வாகம் பொறுப்பல்ல'. தன் ஆளையே கைவிடுகிற உளவுத்துறைக்கு இதைவிட என்ன பேர் வேண்டும்? தோண்டிப் போட்ட ரோட்டோரம் 'ஆட்கள் வேலை செய்கிறார்கள்'. அதை நீ சொன்னபோது நீயே எழுதிக்கோ என்று நோட்டை நீட்டினேன். பொறாமை. இப்போதுதான் ஒப்புக்கொள்கிறேன்.

நீ பம்ப் கம்பெனியில் டிராயிங் போட்டவள். கையெழுத்துக் கட்டம் இல்லாமல் எதுவும் பட்டறைக்குப் போகக் கூடாது உனக்கு. அதனால் ஒவ்வொரு பேருக்கும் எதிரே இரண்டு கட்டம், உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று. இரண்டு கையெழுத்தும் விழுந்தால்தான் படம். நிராகரித்தால் எந்த விதிப்படி என்று எண் போட வேண்டும். முதல் விதி, பேர் ஏதாவது ஒரு பலகையில் ஏற்கெனவே இருக்க வேண்டும். இரண்டாவது, கதையை மூடிவிடுகிற வார்த்தை வரக் கூடாது.

"ஆளு மாறலாம்டா. இதுவரைக்கும் எத்தன ஹீரோ மாறிட்டாங்க! படம் நிக்கக் கூடாது."

மூன்றாவது, நீளக் கூடாது. டிக்கெட் கவுண்டரில் ஒரே மூச்சில் சொல்ல வர வேண்டும். காரமடை கோயில் வாசலிலிருந்து 'காலணிகளை இங்கே விடவும்' என்று நீ கொண்டுவந்தபோது குதித்தேன். உளவாளி வெறுங்காலில் ஓடினால் எவன் பார்ப்பான்?

"விதி நம்பர் சொல்லு."

நம்பர் இல்லை. அது ஏழாவது படம்.

ஒரு நாள் மெஷின் ஓடும்போதே நீ தூங்கிவிட்டாய். நான் 'இரும்புக் கழுகு' என்று எழுதி, உன் கட்டத்திலும் நானே கையெழுத்துப் போட்டுவிட்டேன். கண் விழித்ததும் நோட்டைத்தான் முதலில் கேட்டாய்.

"தூங்கறவளோட கையெழுத்த நீயே போட்டுக்குவியா? திருட்டு நாயே! தூங்குனா எந்திரிக்கற வரைக்கும் காத்திருக்கோணும். எழுது, நாலாவது விதி."

எழுதினேன்.

இனி அந்த நாள். காய்ச்சல் என்று உன்னை வார்டில் சேர்த்திருந்தார்கள். பார்வையாளர் நேரம் நாலிலிருந்து ஆறு. ஆறு மணிக்கு வாட்ச்மேன் வந்து கதவில் தொங்கிய பலகையைத் திருப்பிப் போட்டார். நீ தலையணையிலிருந்து தலையைத் தூக்கி அதைப் படித்தாய்.

"பார்வையாளர் நேரம் முடிந்தது. இருவத்தி மூணாம் படம். நோட்டக் குடு, கையெழுத்துப் போடறேன்."

கொடுத்தேன். உன் கையெழுத்து கட்டத்தைத் தாண்டிப் போயிற்று. கட்டத்துக்கு வெளியே நீ ஒரு கோடு போட்டு அதுவரை நான் பார்த்ததில்லை.

"ரிஜெக்ட்" என்றேன்.

"எந்த விதி?"

"மூணு. நீளம்" என்று சொல்லி நோட்டிலும் எழுதினேன்.

விரல் விட்டு எண்ணினாய். "மூணே வார்த்தைடா. 'அந்நியர் உள்ளே வரக் கூடாது' நாலு. அதுக்குப் போட்டியே கையெழுத்து?"

"சார், டைம் ஆயிப்போச்சுங்க. நாளைக்கு வாங்க" என்றார் வாட்ச்மேன். தப்பித்தேன் என்று நோட்டை மூடினேன். நாளைக்குப் பேசிக்கலாம் என்று சொல்லிவிட்டு நடந்தேன். நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

மறுநாள் நாலு மணி வரவே இல்லை. காலையிலேயே மச்சான் போன் செய்துவிட்டார்.

அதற்குப் பிறகு நோட்டைத் தொடவில்லை. போன வாரம் இந்த மொக்கைப் பேரைப் பார்த்த கோபத்தில்தான் எடுத்தேன். இருபத்து மூன்றாம் வரிக்கு எதிரே என் எழுத்து: 'நிராகரிப்பு, விதி 3'. படித்ததும் காது சூடாகிவிட்டது. மூன்றா? 'முடிந்தது' என்ற வார்த்தை கண்ணுக்கு நேரே நிற்கிறது. அது இரண்டாம் விதி அக்கா. நீ எழுதிய விதி. இருபத்திரண்டு படங்களில் ஒரு தடவைகூட நீ மீறாத விதி.

மைக்ரான் கணக்கில், முடியைவிட மெலிசாக, இரும்பைக் கடைகிறவன் நான். அதைக் கவனிக்காமல் வார்த்தை நீளம் என்று சண்டை போட்டிருக்கிறேன். நீ தெரிந்தேதான் மீறினாயா? இரண்டாம் விதி என்று நான் சொல்லியிருந்தால், ஏன் மீறினேன் என்று நீ சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லத்தான் நோட்டைக் கேட்டாயா? என்ன சொல்லியிருப்பாய்? வாட்ச்மேனிடம் பத்து நிமிஷம் கெஞ்சியிருக்க மாட்டேனா நான்?

இதற்கு இனிமேல் யாரும் பதில் சொல்லப்போவதில்லை. பயந்துபோய்த்தான் ரிஜெக்ட் என்றேன். பயத்துக்கு விதி எண் கிடையாது, அதனால் வாய்க்கு வந்த எண்ணைச் சொன்னேன். இதை உன்னிடம் அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.

டிராயிங்கில் தப்பை அழிக்கக் கூடாது, ஒற்றைக் கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பாய். அப்படியே செய்தேன். மூன்றை அடித்து இரண்டு என்று எழுதினேன். ஆமாம், இப்போதும் நிராகரிப்புதான். நீ வைத்த பேர் என்பதற்காக விட மாட்டேன். நீயும் விட்டிருக்க மாட்டாய்.

மச்சான் இப்போது பலகைகளைப் படிக்க ஆரம்பித்திருக்கிறார். நேற்றுக் காரமடையிலிருந்து போட்டோ அனுப்பிவிட்டுப் போன் செய்து, "ஏனுங் மாப்ள, இது தேறுங்களா?" என்று கேட்டார். 'இங்கு பஞ்சர் ஒட்டப்படும்.' அவருக்கு விதிகளைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஆனால் கேட்கும்போது அவர் குரலில் கொஞ்சம் உயிர் இருந்தது.

இருபத்து மூன்றுக்கு என்னிடம் ஒரு பேர் இருக்கிறது. பட்டறையில் என் மெஷின் கதவின்மேல் நானே ஒட்டிய பலகை, ஐந்து வருஷமாகப் படிக்காதது. 'ஓடும்போது கதவைத் திறக்காதே.' மூன்று வார்த்தை. கதையை மூடவில்லை. நான் கண்டுபிடித்ததில் பட்டாசுப் பெட்டிக்குப் போகாத முதல் பேர் இதுதான் என்று நினைக்கிறேன். என் கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

படம் நிற்காது அக்கா. இருபத்து நாலு, இருபத்தைந்து என்று எழுதிக்கொண்டே போவேன். உன் கட்டங்களை மட்டும் தொட மாட்டேன். நாலாவது விதி எனக்கு மனப்பாடம். நீ எந்திரிக்கிற வரைக்கும், ஹாரன் அடிக்காமல், உட்கார்ந்திருப்பேன்.

உன் கையெழுத்தை ஒரே ஒரு தடவை திருடிய
உன் தம்பி,
கார்த்தி