கரண்டுக்குச் சேதாரம் உண்டா

1998 செப். 7, திங்கள்

காலையிலிருந்து தூறல். தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூல் ஈரம் வாங்கி ஒட்டுகிறது. வீட்டுக்காரர் தறியை விட்டு எழுந்துவிட்டார், முகம் உர்ரென்று. எனக்கு லாபம். பிசிக்ஸ் புத்தகத்தோடு உட்கார்ந்தேன்.

பிளஸ் டூவில் இது ஒன்றுதான் பாக்கி. தேறினால் லேப் டெக்னீஷியன் படிப்பு. இல்லாவிட்டால் வீட்டில் காலியாகக் கிடக்கும் இரண்டாவது தறியில் நான், காலத்துக்கும். கல்யாணம் ஆன வாரமே அத்தை, அவருடைய அம்மா, சொன்னது: "ஒரே ஒரு வாட்டி எழுதிக்கோ. அப்பறம் அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

மின்சுற்றில் சந்திக் கணக்கு. 6 ஆம்பியர் வந்து இரண்டு கிளையாகப் பிரிகிறது. ஒன்றில் 4. மற்றதில் 2, சரி. மறுபடி சேர்ந்த பிறகு? வழியில் இத்தனை மின்தடை இருக்கிறதே, கொஞ்சமாவது குறையாதா? 5 என்று போட்டேன். புத்தகத்தில் 6.

செப். 9, புதன்

அவரிடமே கேட்டேன். ஊடை நூல் ஓட்டும் நாடாவைக் கீழே வைக்காமல் சொன்னார்: "மொதலாளி பட்டு நூல எடை போட்டுத் தராரு. பொடவைய எடை போட்டு வாங்கிக்கிறாரு. நடுவுல சேதாரம்னு கொஞ்சம் கழிச்சி உடுறாரு இல்ல? கரண்டுக்கும் அப்டித்தான் இருக்கும்."

அட, நானும் இதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன். தராசைப் பார்த்தே வளர்ந்த புத்தி. ஒவ்வொரு மின்தடையிலும் சேதாரம் கழித்திருக்கிறேன். புத்தகமோ, சந்திக்குள் வருவதும் வெளியே போவதும் சமம் என்கிறது. நம்ப முடியவில்லை.

வாங்க: டார்ச் பல்பு 2, செல் 2, சீயக்காய், அத்தைக்கு வெற்றிலை.

செப். 11, வெள்ளி

நல்ல வெயில். அவர் ஆரணி போய் எல்லாம் வாங்கிவந்தார், சீயக்காயைத் தவிர.

பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒயரில் கட்டினோம். இரண்டும் எரிந்தன. இரண்டாவது மங்கல்.

"பாத்தியா? சேதாரம்," என்றார் அவர்.

அழுகையே வந்துவிட்டது. அப்புறம்தான் தோன்றியது, இடம் மாற்றிக் கட்டினால் என்ன? மாற்றினேன். இப்போது முதலில் இருப்பது மங்கல். அதே பல்பு! குறை பல்பில்தான், இடத்தில் இல்லை.

வெற்றிலை மென்றுகொண்டிருந்த அத்தை எட்டிப் பார்த்தார். "அப்ப எதுவுமே கொறையலியா?"

"கரண்டு கொறையல அத்த. செல்லுதான் தேஞ்சிகினே போவும்."

"அப்ப அந்த செல்லுதான் நானு."

மூவரும் சிரித்தோம். இந்த வீட்டில் என் படிப்பைப் பற்றிப் பேசிச் சிரித்தது இன்றுதான்.

செப். 16, புதன்

தலைக்கு இன்னும் சீயக்காய் இல்லை. புதுப் பேஜார் வேறு. உள்ளே 5, வெளியே 7, மூன்றாவது கிளையும் வெளியே போவதாக அம்புக்குறி போட்டேன். மைனஸ் 2 வந்தது. அழித்து அழித்துத் தாள் ஓட்டை.

சாயந்திரம் பாடத்தை மறுபடி படித்தேன். தெரியாத மின்னோட்டத்துக்கு அம்புக்குறி நம் இஷ்டம். மைனஸ் வந்தால் ஓட்டம் எதிர்ப்பக்கம், அவ்வளவுதான். அளவு சரியே. கடவுளே, இதுவரை எத்தனை சரியான விடையை அழித்தேனோ. கோபம் வர வேண்டும், சந்தோஷமாக இருக்கிறது.

செப். 25, வெள்ளி

பரீட்சை முடிந்தது. சந்திக் கணக்கு வந்தது. விடை மைனஸ் 3. பேனா அடிக்கப் போனது. நிறுத்தினேன். 'எதிர்த்திசையில் 3 ஆம்பியர்' என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.

பஸ் இறங்கி வீட்டுக்கு வந்தால், முதலாளியின் ஆள் புதுப் பாவோடு உட்கார்ந்திருக்கிறார். இரண்டாவது தறிக்கு.

"எப்டி எழுதின?" அத்தை.

"பாஸாயிடுவேன் அத்த." இவ்வளவு திடமாக நான் எதையும் அத்தையிடம் சொன்னதில்லை.

அத்தை முதலாளியின் ஆளிடம் திரும்பினார்.

"ரிசல்ட் வரட்டுங்க. அதுவரிக்கும் இந்தத் தறி சும்மாவே கெடக்கட்டும். ஜல்தி ஒண்ணும் இல்ல."

வந்தவர் பாவு நூலை அப்படியே தூக்கிக்கொண்டு போனார்.