தம்பி சொன்ன சாட்சியும் வாங்கின அடியும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுறது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைங்களும் சுகமா இருக்கணும்னு தினமும் முழங்கால் போட்டு ஜெபிக்கிறோம். இங்க எல்லாரும் சுகம்னு எழுதினா அது பொய், இந்த வீட்டுல பொய் சொன்னதுக்கு ஏற்கனவே ஒரு விலா எலும்பு போயிடுச்சு. போன்ல சொன்னா பாதியிலயே அழுது வச்சிடுவ, அதான் எழுதுறேன், கடைசி வரைக்கும் படி.

உன் தம்பி ரெண்டு மாசம் முன்னாடி சபையில சாட்சி சொன்னானே, காதுல கேட்ட குரலெல்லாம் நின்னுபோச்சு, கர்த்தர் என்னைக் குணமாக்கிட்டார்னு. ஜனங்க கை தட்டினாங்க, நானும் பெரிய மனுஷன் மாதிரி நெஞ்சை நிமித்தினேன். குரல் அடங்கினது டாக்டர் கொடுத்த மாத்திரையாலன்னு எனக்குத் தெரியாதா என்ன? ஆனா மேடையில அப்படிச் சொல்லிட்டு வீட்டுல மாத்திரை போட்டா கர்த்தரைப் பொய்யராக்கின மாதிரி ஆகும்னு அந்த மடையன் நிறுத்திட்டான். எங்கிட்ட சொல்லிட்டுத்தான் நிறுத்தினான். உன் விசுவாசம் பெருசுடான்னு முதுகுல தட்டிக் கொடுத்தேன். என்னைச் செருப்பால அடிக்கணும்.

போன மாசம் ரெண்டாவது ஞாயிறு ஆராதனை நடுவுல, எப்பவும் போல அவன்தான் மைக், ஸ்பீக்கரெல்லாம் பார்த்துக்கிட்டிருந்தான். திடீர்னு ஸ்பீக்கர் என்னைத் திட்டுதுன்னு காதைப் பொத்திக்கிட்டான். பாஸ்டர் என்னப்பான்னு கிட்ட போனார். மைக் ஸ்டாண்டைத் தூக்கி ஒரே போடு. நெத்தி பிளந்து வெள்ளைச் சட்டையெல்லாம் ரத்தம், ஜன்னல் கண்ணாடி நொறுங்கிச்சு, பெஞ்சு கவிழ்ந்துச்சு, பிள்ளைங்க அலறுதுங்க. நாலு பேர் அவனைத் தள்ளி அமுக்கினோம். பாட்டுக்குழுவை நடத்துற குயர் மாஸ்டர் பெல்ட்டைக் கழட்டி, போ பிசாசே வெளிய போன்னு விளாசினான் பாரு, அடிக்கு ஒரு அல்லேலூயா. பிசாசு போச்சோ இல்லையோ, பிள்ளையோட தோல் போச்சு. ஒருத்தன் நெஞ்சுல முட்டியை வச்சு அழுத்தினதுல மளுக்குன்னு எலும்பு முறிஞ்ச சத்தம் எனக்கே கேட்டுச்சு. விடச் சொல்லுப்பான்னு என்னைப் பார்த்துக் கத்தினான். நான் விடல. நான்தான் அவன் காலைப் பிடிச்சிருந்தேன். அதிர்ந்து பேசத் தெரியாத உங்கம்மாதான் பெஞ்சு மேல ஏறிக் குதிச்சு மாஸ்டர் கையைக் கடிச்சுப் பிச்சுட்டா. பாஸ்டருக்கு ஏழு தையல், மாஸ்டருக்கு மூணு.

பதினாறு நாள் ஆஸ்பத்திரி. மாத்திரை மறுபடி ஆரம்பிச்சு குரல் அடங்கினதும் அவன் கேட்ட முதல் கேள்வி, சபையில இனிமே என்னைச் சேர்த்துப்பாங்களான்னுதான். அங்க சபைக் கமிட்டியில அவன் பேரை வெட்டணும்னு ஒரே கூச்சல். பாஸ்டர் தலையில போட்ட கட்டோட எழுந்து, குணமாயிட்டான்னு மைக்குல முழங்கினது நான், மாத்திரையை விடாதேன்னு ஒரு வார்த்தை சொல்லாததும் நான், வெட்டுறதா இருந்தா முதல்ல என் பேரை வெட்டுங்கன்னுட்டார். அதோட அந்தப் பேச்சைக் கைவிட்டாங்க.

இந்த ஞாயித்துக்கிழமை கூட்டிக்கிட்டுப் போனேன். எல்லாரும் சுவரோரம் ஒதுங்கினாங்க. பாஸ்டர் அதே ஸ்டாண்டை அவன் கையில கொடுத்து, என் உயரத்துக்குச் சரி பண்ணுப்பான்னு கிட்ட வந்து நின்னார். இரும்புக்கும் அவர் நெத்திக்கும் ஒரு ஜாண்தான் இருக்கும். அவன் திருகாணியை முடுக்கி வச்சுட்டு நேரா போய் மாஸ்டர் பக்கத்துல உட்கார்ந்தான். அடுத்த தடவை அடிக்கிறதுக்கு முன்னாடி மாத்திரை போட்டியான்னு ஒரு வார்த்தை கேளுங்க அண்ணேன்னான். மாஸ்டர் குலுங்கிக் குலுங்கி அழுதுட்டான். சபை தம்பியைச் சேர்த்துக்கிச்சு கண்ணு, சாட்சி சொல்லச் சொல்லி யாரும் கேக்கல.

வீட்டுக்கு வந்து கட்டில்ல சாஞ்சான். என்னை மன்னிச்சுடுடான்னு கேட்டேன். பரவாயில்லப்பான்னு சிரிச்சான். சரின்னு கால்மாட்டுல உட்காரப் போனேன், ரெண்டு காலையும் வெடுக்குன்னு மடக்கிக்கிட்டான்.

கர்த்தர் உன்னையும் உன் வீட்டையும் காக்கட்டும், பிள்ளைங்களுக்கு என் முத்தம். தம்பிகிட்ட பேசும்போது குணமாயிட்டியான்னு கேக்காதே, மாத்திரை போட்டியான்னு மட்டும் கேளு. எனக்காக அவன்கிட்ட பரிஞ்சு பேசிடாதே. அவனா காலை நீட்டுற அன்னைக்கு நான் உட்கார்ந்துக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா