அழைத்தது அழைத்ததுதான்

பாலத்துக்கு அந்தப் பக்கம் குடிக்கப் போகிறவனுக்கு,

அன்புள்ள என்று எழுத இன்னும் மனம் வரவில்லை.

ஞாயிறு சாயங்காலம் நூலாவின் பப்புக்குப் போனேன். உன் நாற்காலியில் யாரோ தன் கோட்டைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். எடுத்து வேறிடத்தில் வைத்தேன். உனக்காக அல்ல, கண்ணை உறுத்தியது.

தபால்கார டோனல் பாடி முடித்தான். பாடியவன் அழைத்தால் மறுக்கக் கூடாதே, அதை வைத்து என்னை மாட்டிவிட்டான்.

"பெரியவரே, இன்னிக்குத் தப்பிக்க முடியாது. பாடுங்க!"

"தொண்டை சரியில்லடா."

"பீர் மட்டும் நல்லா இறங்குதே!" என்றாள் நூலா.

நாம் மாறி மாறிப் பாடும் படகுக்காரன் பாட்டைப் பாடினேன். "பள்ளிக்கூடம் போகாதவன் பாட்டு இப்படித்தான் இருக்கும்" என்று அத்தனை பேர் முன்னால் சிரித்தாயே, அதே பாட்டு. என் வரிகள்தான் சரி, இப்போதும் சொல்கிறேன். உன் அடி வரும் இடத்தில் நிறுத்தினேன். யாரும் எடுத்துப் பாடவில்லை.

அடுத்தவரை அழைக்கும் முறை என்னுடையது. உன் பெயரைச் சொன்னேன்.



"அவர்தான் இங்க வர்றதே இல்லையே. வேற யாரையாவது கூப்பிடுங்க," என்றாள் நூலா.

மாட்டேன் என்றேன். அழைத்தது அழைத்ததுதான். பிடில்காரன் வில்லைக் கீழே வைத்தான். அழைக்கப்பட்டவன் பாடாமல் வேறு யாரும் பாடக் கூடாதே, அதன்பின் பாட்டே இல்லை. எல்லோரும் என்னைத் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள்.

வரும் ஞாயிறும் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை; நீயும் கேட்க வேண்டாம். வந்து உன் அடியைப் பாடு. தப்பாகவே பாடு.

இப்படிக்கு,
பாதிப் பாட்டோடு இருப்பவன்