பதில் வராத பேச்சு

அன்பு மகளே,

"நாம பேசறது அம்மாவுக்குப் புரியுதாப்பா, இல்ல சும்மா பாக்கறாங்களா?" என்று போனில் கேட்டாய். அன்று ஸ்பீக்கர் போட்டிருந்தேன். அம்மா பக்கத்துக் கட்டிலில்தான் படுத்திருந்தாள். இத்தனை காலம் உயிரியல் நடத்தியவனுக்கு விடை தெரியவில்லை, பேச்சை மாற்றிவிட்டேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அதன்பிறகு நீ கூப்பிட்டால் போனைத் தள்ளிவிடுகிறாள்.

நேற்று டாக்டரிடம் கேட்டேன். பக்கவாதத்தில் அடிபட்டது மூளையின் இடது முன்பகுதி. சொற்களைக் கோத்து வாய்க்கு அனுப்பும் இடமாம். கேட்டதைப் புரிந்துகொள்ளும் இடம் அதற்குப் பின்னால், காதுக்குச் சற்று மேலே, நன்றாகவே இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் மணி உடைந்தாலும் வகுப்புகள் நடக்கும் அல்லவா, அதுபோல.

சாயங்காலம் எதிர்வீட்டுத் தையல்காரி வந்து, "இனி சார் பேசறதை எல்லாம் நீங்க கேட்டே ஆகணும், பாவம்க்கா" என்றாள். அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். நான் உன் பேச்சை எடுத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், மகளே.

ஞாயிற்றுக்கிழமை போனை அவள் காதில் வைக்கிறேன். அவளைப் பற்றி என்னிடம் கேட்காமல் அவளிடமே பேசு. பதில் வராவிட்டாலும் பேசிக்கொண்டே இரு.

உன் அப்பா