ஊக்குதான் கத்தியது

ஓஷ், சனிக்கிழமை

புருலின் அப்பாவுக்கு,

ஜூரா எழுதுவது. பெண்கள் மூவரும் நலம். உங்கள் நலம் விசாரிக்கக்கூடப் பொறுமையில்லை, முதலில் என் கதையைக் கேளுங்கள். போனில் சொல்ல வழியில்லை. அத்தை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். பக்கத்து வீட்டு அய்சிரெக் நாளைக்கு மாஸ்கோ வருகிறாள், அவளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

எனக்குக் காய்ச்சல், அதனால்தான் உங்களிடம் வர விமானம் ஏறவில்லை என்று அத்தை சொன்னாரே, அது பொய். காய்ச்சலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

புருல் பிறந்தபோது எனக்கு ரத்தம் நிற்கவேயில்லை. இன்னொரு பிள்ளை என்றால் உன் உயிருக்கு உத்தரவாதம் இல்லை, கரு தங்காமல் இருக்கக் கருப்பைக்குள் ஸ்பிரல் வைத்துக்கொள் என்றார் டாக்டரம்மா. வைத்துக்கொண்டேன். உங்களிடம் மறைத்தது தப்புதான். "அடுத்தது பையன்தானே?" என்று நீங்கள் போனில் சிரிக்கும்போதெல்லாம் பேச்சை மாற்றிவிடுவேன்.

அன்றைக்கு விமான நிலைய வாசலில், கண்ணேறு படாமலிருக்க என் கோட்டுக்குள் ஓர் ஊக்கைக் குத்திவிட்டு, "வயித்துல பையனோட திரும்பி வாடி" என்றார் அத்தை. எனக்கோ வேறு பயம். "ஸ்பிரல் வச்சவ அந்தச் சோதனைக் கதவுல நுழைஞ்சா மெஷின் ஊரக் கூட்டிரும்" என்று அய்சிரெக் எப்போதோ சொன்னது மண்டைக்குள் ஓடிக்கொண்டேயிருந்தது. நுழைந்தேன். கத்தியது. "ஐயோ, அது ஸ்பிரலுங்க, கழட்ட முடியாதுங்க!" என்று நானும் கத்திவிட்டேன். வரிசையே சிரித்தது. காவல்காரப் பெண் தடவிப் பார்த்து ஊக்கை எடுத்துக் காட்டி, "இதாம்மா கத்துச்சு" என்றாள். எனக்குப் பின்னால் அத்தை நின்றிருந்தார். கையைப் பிடித்து வெளியே இழுத்தவர்தான், வீடு வரை விடவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா? அய்சிரெக்குக்கும் ஸ்பிரல் உண்டு. ஊக்கு மட்டும் குத்தாமல் போடி என்று சொல்லியிருக்கிறேன்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தேநீர் ஊற்றுகிறேன், குடிக்க மறக்கிறேன். "என் மவனுக்குத் தெரியாம இரும்ப வச்சிருக்கியே, துருப்பிடிச்சு நெஞ்சுக்கு ஏறிருமேடி" என்று அத்தை அழுகிறார். நடிப்பில்லை, நிஜமாகவே பயப்படுகிறார். அது செம்பு, துருவேறாது என்றால் காதில் ஏறினால்தானே! வருகிற வெள்ளிக்கிழமை கூட்டிப்போய் எடுத்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டார்.

வெள்ளிக்கு முன்னால் ஒரு போன் போடுங்கள். ஸ்பீக்கரில் போடட்டும், எல்லோரும் கேட்கட்டும். "எனக்குத் தெரியும், நான்தான் வைக்கச் சொன்னேன்" என்று சொல்லுங்கள். பொய்தான். ஊரில் எத்தனையோ பொய் ஓடுகிறது, என் உயிருக்காக ஒன்று சொல்லக்கூடாதா? கோபமிருந்தால் தனியாக எழுதித் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். எனக்குச் சாகப் பயமாக இருக்கிறது. சின்னவளுக்கு இன்னும் பால்குடி மறக்கவில்லை.

அடுத்தது பையனாகத் திரும்பட்டும் என்றுதானே அவளுக்குப் புருல், ‘திரும்பு’ என்று பேர் வைத்தோம்? ஆண்டவன் உங்களை நோய்நொடியில்லாமல் வைக்கட்டும். இன்றைக்கு அந்தப் பேரை உங்களைப் பார்த்துச் சொல்கிறேன். என் பக்கம் திரும்புங்கள்.

போன் மணிக்குக் காத்திருக்கும்,
ஜூரா