வியாழக்கிழமை நாலேகால் மணி நேரம்

நவம்பர் 4, திங்கள்

வேலையின்மை அலுவலகம். திருமதி ஹாப்பே கணினியைப் பார்த்தபடியே பேசினார். "எந்த வேலை செஞ்சாலும் வாரத்துக்குப் பதினஞ்சு மணி நேரத்துக்குக் கீழ இருக்கணும். பதினஞ்சைத் தொட்டா நீங்க வேலையில்லாதவங்க இல்ல. உதவித்தொகை நின்னுடும்." போவது, கேட்பது, எழுதுவது, பேசுவது எல்லாமே படிவத்தில் வர வேண்டுமாம். சரி என்றேன். தொகை நின்றால் மருத்துவக் காப்பீடும் நிற்கும். டிசம்பர் 5 எனக்கு இடுப்பு அறுவை சிகிச்சை. பத்து மாதம் காத்துக் கிடந்து வாங்கிய தேதி.

வேலை இதுதான்: கிரால் நடத்தும் ஈமச்சடங்கு நிலையத்துக்கு, இந்த மாதம் மட்டும், இரங்கல் உரை. இந்த ஊரில் பாதிப் பேருக்குப் பாதிரியார் வேண்டாம். ஆனால் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பேச யாராவது வேண்டும். நான் நாற்காலிக் கடையில் பத்தொன்பது வருடம் புகார் மேசையில் உட்கார்ந்தவள். "திட்டு வாங்கியே பழகின காது. அது போதும்" என்றார் கிரால்.

நவம்பர் 7

முதல் உரை. மருந்துக்கடைக்காரர் ஒருவர். யாரும் அழவில்லை. நானும்தான். இந்த வாரம் ஒன்பது மணி நேரம்.

நவம்பர் 12, செவ்வாய்

மெட்டிக். வயது எழுபத்தொன்பது. மனைவி ரோஸ்வித்தாவுக்குச் சனிக்கிழமை அடக்கம். அவரைப் பற்றிச் சொல்லுங்கள் என்றேன். "நல்லவ. எழுதிக்கம்மா." வேறு? "சுத்தமா இருப்பா." வேறு? வெப்பக் குழாய் சரியாக வேலை செய்யவில்லை என்று அரை மணி நேரம் பேசினார். நல்லவள், சுத்தமானவள். இதை வைத்து என்ன எழுதுவது?

நவம்பர் 13

மறுபடி போனேன். மூன்று மணி நேரம். மேசை விளக்கைக் கழற்றி மாட்டினார். அது கெட்டுப்போகவே இல்லை! திங்களன்று பேசிய வேறொரு உரையையும் சேர்த்து, இந்த வாரம் இதுவரை பதினொரு மணி நேரம் ஆகிவிட்டது. எழுத இரண்டு, சனிக்கிழமை பேச ஒன்றரை. மொத்தம் பதினாலரை. இனி அந்த வீட்டுப் பக்கம் தலைகாட்டக் கூடாது.

நவம்பர் 14, வியாழன்

காலையில் ஃபோன். "ஒன்னு சொல்லணும். நேர்ல வாம்மா."

போயிருக்கக் கூடாது. போனேன்.

இரண்டு மணிக்கு உட்கார்ந்தோம். ஐந்தரை வரை பேச்சே இல்லை. நான் சுவரைப் பார்த்தேன், அவர் என் பேனாவைப் பார்த்தார். பிறகு சொன்னார். பன்னிரண்டு வருடம் முன்னால் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ரயில் பாதையோரம் அவர்கள் வாடகைக்கு எடுத்திருந்த தோட்டத் துண்டை ரோஸ்வித்தா அவரைக் கேட்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். இவரால் இனி குனிய முடியாது என்று. வீடு வந்தவர் பேச்சை நிறுத்தினார். பதினோரு வருடம். ஒரே மேசை, ஒரே கட்டில். ஒரு வார்த்தை கிடையாது.

"போன மார்ச்ல ஜன்னல்கிட்ட நின்னுக்கிட்டிருந்தா. 'மழை வரும் போல'ன்னேன். அப்படியே உட்கார்ந்துட்டா. அப்புறம் எட்டு மாசம் நாங்க வாயே மூடலம்மா. இதைச் சொல்லு. எல்லார் முன்னாடியும் சொல்லு."

நாலேகால் மணி நேரம். ஐயோ, என்ன மனுஷன்.

நவம்பர் 16

சொன்னேன். அவருடைய மைத்துனி எழுந்து வெளியே போனாள். மெட்டிக் நிமிர்ந்தே நின்றார்.

நவம்பர் 17, ஞாயிறு

படிவம். மொத்தம் பதினெட்டே முக்கால்.

கிராலிடம் கேட்டேன். "வியாழக்கிழமையை விட்டுடுங்க. காப்பி குடிக்கப் போனீங்க, அவ்வளவுதான். உங்க காதுக்கு எவன் மணி பாக்கறான்?" என்றார்.

அவர் சொல்வதும் நியாயம்தானே? ஆனால், சும்மா போனேன் என்றால் மெட்டிக் ஒரு விருந்தாளியிடம் மனதைத் திறந்திருக்கிறார். அதை நான் எழுபது பேர் முன்னால் வாசித்திருக்கிறேன். அப்படி வாசிக்க எனக்கு யார் உரிமை கொடுத்தது? வேலைக்குப் போனதால்தான் கேட்டேன், வேலை என்பதால்தான் சொன்னேன்.

பதினெட்டே முக்கால் என்று எழுதினேன். எழுதிவிட்டு என்னையே திட்டிக்கொண்டேன். கிறுக்கு. இடுப்பு என்னுடையது, மெட்டிக்கினுடையது இல்லை.

நவம்பர் 21

ஹாப்பே இன்று முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார். "ஏன் இப்படி எழுதினீங்க?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தப் பெரியவருக்கு ஒரு கடிதம் அனுப்பறேன். வியாழக்கிழமை நட்பா வந்துட்டுப் போனாங்கன்னு அவர் எழுதிட்டா, நான் விட்டுடுவேன்."

வேண்டாம் என்று சொல்லவில்லை. எழுதுவார் என்று நம்பினேன். நம்பினேன் என்பதை இங்கேயாவது ஒப்புக்கொள்ள வேண்டும்.

டிசம்பர் 2, திங்கள்

தொகை நின்றது. காப்பீட்டையும் புதிதாகப் பதிய வேண்டும். அறுவை சிகிச்சை இனி மே மாதமாம்.

ஹாப்பே மெட்டிக்கின் பதிலை மேசைமேல் தள்ளினார். "இதுக்கு மேல நான் என்ன பண்றது, சொல்லுங்க." நான் வேலையை ஒழுங்காகச் செய்தேனா என்று அரசாங்கம் சந்தேகப்படுவதாக மெட்டிக் நினைத்துவிட்டார் போலிருக்கிறது. நகல் ஒன்று வாங்கிவந்தேன்:

'அவர் இரண்டு மணிக்கு வந்தார், ஆறேகாலுக்குப் போனார். முழு நேரமும் வேலைதான். நான் வைத்த கேக்கைத் தொடவில்லை. நான் பேசாமல் இருந்தபோதும் அவர் வேலை செய்தார். அந்த நேரத்தில்தான் அதிகம் செய்தார். யாராவது அவரைச் சோம்பேறி என்று சொன்னால் என்னிடம் அனுப்புங்கள்.'

ஒரு பக்கம் முழுக்க இப்படியே. பதினோரு வருடம் பெண்டாட்டியிடம் வாய் திறக்காத மனிதர். பேருந்து நிறுத்தத்தில் நின்று அழுதேன். இடுப்புக்காக அழவில்லை.

மாலையில் அவரே கூப்பிட்டார்.

"என் கடிதம் உதவிச்சாம்மா?"

"ரொம்ப" என்றேன்.