உச்சியில் தண்ணீர் ஊற்றாதே

மச்சான்,

வலது கை வீங்கிக் கிடக்கிறது. ஸ்பேனர் பிடிக்க முடியாமல் இன்று கராஜில் சும்மா நின்றேன். மலையிறங்கி வந்த வேன் ஒன்றின் சக்கரத்தில் அதன் டிரைவர் ஒரு வாளித் தண்ணீரை விசிறி ஊற்றினார். உஸ்ஸென்று ஆவி எழுந்தது. சூடேறிய பிரேக்கும் தண்ணீரும் சேர்ந்த அந்தக் கருகல் வாடை. எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்து உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் கையைத் திட்டு.

அந்த வாடை என்றால் எனக்கு அம்பிட்டிய மேடுதான். மலைநாட்டைச் சுற்றிப் பல நாள் ஓடுகிற அந்தச் சைக்கிள் ஓட்டத்தின் கடைசிப் பகுதி தெல்தோட்டையிலிருந்து தலாத்துஓயா வழியாக வந்து, அந்த மேட்டில் ஏறி, கண்டிக்குள் விழும். ஏறுவதற்கு நுரையீரல் வேண்டும். இறங்குவதற்கு பிரேக் வேண்டும். வேறொன்றும் இல்லை.

பேப்பரில் அதை விளையாட்டு என்று எழுதுவார்கள். உனக்கும் எனக்கும் தெரியும், அது அடிதடி. ஒடுங்கிய இடத்தில் முழங்கையால் விலாவில் இடிப்பான்கள். காற்றடிக்கும் பம்பைக் கழற்றி முதுகில் போடுவான்கள். நீயும் போட்டிருக்கிறாய். கேட்டால், “வயித்துக்காக ஓடுறவன் கையக் கட்டிக்கிட்டா ஓடுவான்?” என்பாய்.

உன் வயிற்றுக்காகத்தான் அந்த வருடம் ஓடினாய். முதல் ஐந்து பேருக்குள் வந்தால் ஓர் அணி உன்னைச் சேர்த்துக்கொள்ளும், நிரந்தர வேலையும் தரும் என்று பேச்சு. தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் உன் அம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்திருக்கலாம். நான் மாற்றுச் சக்கரத்தோடு உச்சியில் நின்றேன். நீ நான்காவதாக ஏறி வந்தாய். உதட்டில் ரத்தம், முகத்தில் சிரிப்பு.

உச்சியில், ஊரே நானா என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவரின் தேத்தண்ணிக் கடை. வருடாவருடம் அவர் வாசலில் ஒரு பீப்பாய்த் தண்ணீர் வைத்து, வெயிலில் வேகிறவர்கள் பாவம் என்று, ஏறி வருகிற ஒவ்வொருவன் மேலும் ஒரு வாளி வீசுவார். ஊரே கைதட்டும். உன்மேலும் வீசினார். தலையிலிருந்து சக்கரம் வரை நனைந்து நீ இறக்கத்துக்குள் போனாய்.

நனைந்த ரிம்மில் பிரேக் கட்டை உடனே பிடிக்காது. சக்கரம் சில சுற்றுச் சுற்றி ஈரத்தைத் துடைத்த பிறகுதான் பிடிக்கும். அந்தச் சில சுற்றுக்குள் வளைவு வந்துவிடும். உச்சியிலிருந்து பார்த்தால் வளைவு தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். கேட்டது. தகரத்தைக் கல்லில் அடித்த மாதிரி. உனக்குப் பின்னால் இன்னும் இரண்டு.

நான் ஓடி வந்தபோது நீ மதகுச் சுவரில் சாய்ந்திருந்தாய். தாடை ஒரு பக்கமாகத் தொங்கியது. பல்லைத் துப்பிவிட்டு, “எத்தனையாவதுடா?” என்று கேட்டாய்.

அடுத்த வருடம் சைக்கிள் இல்லாமல் அதே உச்சிக்கு வந்தாய். முதலில் மரியாதையாகத்தான் பேசினாய்.

“நானா, குடிக்கக் குடுங்க. மேல ஊத்தாதீங்க. ரிம் நனையுது.”

“தாகத்துக்குத் தண்ணி குடுக்கிறது நன்மை. அதத் தடுக்கவா வந்தீக்கிற? நீயெல்லாம் மனுசனா?”

“ஒங்க நன்மையிலதான் என் தாடை போச்சு.”

“தாடை போயும் வாய் போகல்லயே!”

கூட்டம் சிரித்தது. நீ பீப்பாயை உதைத்துக் கவிழ்த்தாய். நானாவின் மருமகன் உன் மூக்கில் குத்தினான். நீ வாளியை எடுத்து அவன் மண்டையில் உடைத்தாய். அன்றிலிருந்து வருடத்துக்கு ஒரு சண்டை. உன் காது கிழிந்தது, மருமகனின் விரல் முறிந்தது. எவனாவது நனையாமல் போனான் என்றால் அது உன் ரத்தத்தில்தான்.

எனக்கு எரிச்சல் வரும். “பீப்பாயை ரெண்டு வளைவு கீழ வச்சா முடிஞ்சுது. ஏறும்போது நனைஞ்சா உச்சிக்கு வர்றதுக்குள்ள ரிம் காஞ்சிடும்” என்று நிலத்தில் கோடு கீறிக் காட்டினேன். “என்ன இஞ்சினியர் தொர, தண்ணிக்கும் பிளானா?” என்று ஒருவன் கோட்டின் மேலேயே மிதித்துப் போனான். நீயும் மூக்கைப் பிடித்தபடி சொன்னாய்: “நீ கோடு கீறு மச்சான். அவனுங்களுக்கு விளங்கும் வரைக்கும் நான் அடிக்கிறேன்.”

கடைசிச் சைக்கிள் இறங்கியதும் நீ கையை உயர்த்துவாய். அடித்தவனும் அடிபட்டவனும் எல்லோரும் வாயை மூட வேண்டும். வளைவுப் பக்கம் காதை வைத்து நிற்பாய். சத்தம் இல்லை என்றால்தான் முகத்து ரத்தத்தைத் துடைப்பாய்.

அந்த மதகில் சாகாதவன் ஒரு கொசுக்கடியில் செத்தாய். டெங்கு. எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை.

உன் சாவீட்டுக்கு நானா வந்தார். லயத்து வாசலில் தொப்பியைச் சரிசெய்தபடி நெடுநேரம் நின்றார். “இவன் மாதிரி என்னய ஏசினவன் ஒலகத்தில இல்ல” என்றார். பிறகு என்னை ஓரமாகக் கூப்பிட்டு, “அந்தப் பீப்பா... எந்த வளைவுக்குக் கீழ வைக்கோணும்னு சொன்ன மகன்?” என்று கேட்டார்.

இந்த வருடம் அவரே மருமகனோடு பீப்பாயை உருட்டிக்கொண்டு போய் அங்கே வைத்தார். நான் உச்சியில் நின்றேன். சண்டை முடிந்தது என்று நினைத்தேன். அப்போதுதான் ஒரே நிற டீசேட் போட்ட கூட்டம் ஒன்று தண்ணீர்ப் பவுசரோடு வந்து குழாயை விரித்தது. யாரோ முகம் தெரியாதவர்கள். ஒலிபெருக்கி வேறு.

நானா மூச்சிரைக்க ஏறி ஓடி வந்தார். “ஊத்தாதீங்க வாப்பா! கீழ ஊத்தியாச்சி!”

“அடோ, இது ஒன்ட வீட்டு ரோட்டா?” குழாய் பிடித்தவன் அவரைத் தள்ளினான். மனிதர் இடுப்புச் சாரம் அவிழத் தார் ரோட்டில் விழுந்தார்.

நான் அவனிடம் ரிம்மைப் பற்றி விளக்கத் தொடங்கினேன், மச்சான். ஈரம், பிரேக் என்று இரண்டு வார்த்தை சொல்லியிருப்பேன். முதல் சைக்கிள் ஏறி வருவது தெரிந்தது. அவன் குழாயைத் திருப்பினான். நான் அடித்தேன். பிறந்ததிலிருந்து யாரையும் அடிக்காத கை. அவனுடைய பல் என் விரல் முட்டியைப் பிளந்தது. மூன்று பேர் என்னைக் கீழே போட்டு மிதித்தார்கள். மிதிக்கிற கால்களுக்கிடையில் சைக்கிள்கள் போவதைப் பார்த்தேன், ஒவ்வொன்றாக, காய்ந்த சக்கரத்தோடு. நானா குழாயை மடித்து அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தார். இழுத்தும் எழும்பவில்லை.

கடைசிச் சைக்கிள் போனதும் படுத்த இடத்திலேயே கையை உயர்த்தினேன். மிதித்தவர்கள் என்னவோ என்று நிறுத்தினார்கள். நானா ஒலிபெருக்கிக்காரனைப் பார்த்து, “அத நிப்பாட்டு!” என்று கத்தினார். அவனும் நிறுத்தினான்.

வளைவிலிருந்து ஒன்றும் கேட்கவில்லை.

“இப்ப ரத்தத்தத் தொடை, மகன்” என்றார் நானா. அதற்குப் பிறகுதான் துடைத்தேன்.